கூழாங்கல்லில் வேர்விட்ட கொடி: சிலியில் ஐந்து நாள்

நாள் 1: மலையைத் தாண்டி

சாவோ பாலோவில் அலுவலக வேலை நேற்றோடு முடிந்தது. கையில் ஐந்து நாள் விடுப்பு. கூட வேலை பார்ப்பவர்கள் ரியோவுக்குப் போகச் சொன்னார்கள். நான் சிலியின் தலைநகர் சாந்தியாகோவுக்குச் சீட்டுப் போட்டேன். கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழேயே விளையாடி வளர்ந்தவன் நான். தென்னமெரிக்கா வரை வந்துவிட்டு, அல்மாவிவா தோட்டத்தை மிதிக்காமல் ஊர் திரும்ப மனசு வரவில்லை.

அல்மாவிவா தெரியாதவர்களுக்கு: பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின்கள் எப்படிச் செய்யப்படுகின்றனவோ, அதே முறையில், நாலைந்து ரகத் திராட்சையைச் சேர்த்துச் சிலியில் செய்யப்படும் ஒயின். 1997இல் இரண்டு குடும்பங்கள் கைகோத்துத் தொடங்கியது. ஒரு பக்கம் சிலியின் கொன்சா இ தோரோ நிறுவனம். மறுபக்கம் போர்தோவின் மூத்தோன் ரோத்ஷீல்ட் தோட்டத்தை வைத்திருக்கும் ரோத்ஷீல்ட் குடும்பம். ஊரில் எந்தக் கடையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. படித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

விமானம் நாலு மணி நேரம். கடைசி அரை மணிதான் காட்சி. கீழே அர்ஜென்டினாவின் மெந்தோசாத் தோட்டங்கள் பச்சைக் கட்டங்களாக வந்துபோயின. அப்புறம் தரை எழும்பிவிட்டது. வலப்பக்க ஜன்னலில் அகோன்காகுவா சிகரம், 6,961 மீட்டர். பனி மூடிய முகடுகளுக்கு நடுவே மரம், பாதை, வீடு எதுவும் இல்லை. ஒரு பூச்சி நடந்து கடக்க முடியாத இடம் என்று தோன்றியது. அது வெறும் எண்ணமில்லை என்பது இறங்கிய பிறகு புரிந்தது.

சாந்தியாகோ விமான நிலையத்தில் பழம், விதை, செடி, உணவு என்று எது வைத்திருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அம்மா கொடுத்துவிட்ட கறிவேப்பிலைப் பொடி பையில் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மையார் புட்டியைத் திறந்து, முகர்ந்து, உள்ளே முழு இலையோ விதையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபமே வரவில்லை. 1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்குப் போன ஃபில்லாக்செரா என்ற வேர்ப்பூச்சி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வகை அசுவினி, ஐரோப்பாவின் திராட்சைக் கொடிகளை வேரோடு தின்று தீர்த்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிரெஞ்சுக்காரர்கள் மீண்டார்கள். இன்றும் அப்படித்தான் நடுகிறார்கள். அந்தப் பூச்சி சிலிக்குள் வரவில்லை. கிழக்கே ஆண்டிஸ், மேற்கே பசிபிக், வடக்கே அத்தகாமா பாலைவனம், தெற்கே பனி. உள்ளே வந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்ள, இந்த மேசையில் ஒரு அம்மையார்.

நாள் 2: புவெந்தே ஆல்தோ

காலையில் அல்மாவிவா தோட்டத்துக்கு மெட்ரோ. நாலாம் பாதையில் ஏறி, கடைசி நிறுத்தமான பிளாசா தெ புவெந்தே ஆல்தோவில் இறங்கினேன். பேர்பெற்ற தோட்டம் என்றால் ஊரைவிட்டுத் தள்ளி, மரங்கள் சூழ, தனியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே தெருவெல்லாம் ரொட்டிக் கடை, மருந்துக் கடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வாடகைக் காரில் கொஞ்ச தூரம் போனதும் ஒரு நீண்ட மதில். அதற்கு அந்தப் பக்கம் திடீரென்று கொடிகள், அவற்றுக்குப் பின்னால் ஆண்டிஸ். நகரம் மலையடிவாரம் வரை வந்து இந்தத் தோட்டங்களைச் சூழ்ந்துகொண்டிருக்கிறது. மதிலின் இந்தப் பக்கத்து மண்ணும் அந்தப் பக்கத்து மண்ணும் ஒன்றுதான். இந்தப் பக்கம் வீடாகிவிட்டது. எனக்கு அது உறுத்தியது. எங்கள் ஊர்ப் பக்கமும் பந்தலைப் பிரித்து மனை போடுகிறார்கள்.

முன்பதிவு செய்தால்தான் உள்ளே விடுவார்கள். எங்கள் குழுவில் ஆறு பேர். கூட்டிப்போனவர் வேளாண்மை படித்த இளம்பெண். முதலில் கட்டடத்துக்குள் போகாமல் நேரே தோட்டத்துக்குள் நடத்திப் போனார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஓரிடத்தில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி வைத்திருந்தார்கள், மண்ணைக் காட்டுவதற்காக. இறங்கிப் பார்த்தேன். மேலே ஒரு முழத்துக்கு மண். அதற்குக் கீழே கூழாங்கற்கள், முஷ்டி அளவிலும் தேங்காய் அளவிலும், ஒன்றின் மேல் ஒன்றாக. மைப்போ ஆறு மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து பரப்பிய கற்கள் அவை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் பென்சில் தடிமனில் ஒரு வேர் வளைந்து நெளிந்து இறங்கியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. இந்தக் கல்லில் தண்ணீர் நிற்காது. ஊற்ற ஊற்ற இறங்கிப்போகும். கொடி அதைத் துரத்திக்கொண்டு கீழே போக வேண்டும்.

கோடையில் இங்கே மழையே இல்லை. மழை பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். அதுவும் 2010இலிருந்து சிலியின் நடுப்பகுதி நீண்ட வறட்சியில் கிடக்கிறது. மலைப்பனி உருகி வரும் தண்ணீரைச் சொட்டுநீராக, அளந்துதான் விடுகிறார்கள். தோட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் நல்ல வெயில். சூரியன் சாய்ந்ததும் ஆண்டிஸிலிருந்து குளிர்காற்று இறங்கிவந்துவிடும். பகல் வெப்பத்தில் இனிப்பு ஏறுகிறது, இரவுக் குளிர் புளிப்பைக் காப்பாற்றுகிறது. பழம் அவசரப்படாமல் மெதுவாக முதிர்கிறது.

இப்போது ஏப்ரல், இங்கே இலையுதிர்காலம். கேபர்னே சோவிஞோன் என்ற திராட்சை ரகத்தின் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் தலைக்கு மேல் பந்தல், அண்ணாந்து வெட்டுவோம். இங்கே கம்பியில் வரிசையாக ஏற்றிய கொடி. குலைகள் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் தொங்குகின்றன. அறுப்பவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். கத்தரி, சின்னப் பெட்டி, வேகமான கை. யாரும் குலையை எறியவில்லை, வைத்தார்கள்.

ஒரு பழம் பறித்துச் சாப்பிடச் சொன்னார் அந்தப் பெண். கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. தோல் தடிப்பு. உள்ளே சதையைவிட விதைதான் அதிகம் போலிருந்தது. முதலில் நல்ல இனிப்பு, அப்புறம் தோலை மெல்ல மெல்ல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. பழக்கடையில் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. பழம் சிறுத்தால்தான் சாற்றுக்குத் தோல் அதிகம்.

காலடியில் உலர்ந்து சுருங்கிய குலைகள் கிடந்தன. நோயா என்று கேட்டேன். இல்லை, வெட்டிப் போட்டது என்றார். இந்த மாதிரித் தோட்டங்களில் காய் நிறம் மாறும் கோடைப்பருவத்தில் கொடியைப் பார்த்து, மிச்சமிருக்கும் குலைகளுக்கு முழுச் சத்தும் போகட்டும் என்று அதிகப்படியானவற்றை வெட்டித் தரையில் போட்டுவிடுவார்களாம். தெரிந்த விஷயம்தான், படித்ததுதான். ஆனாலும் நேரில் பார்த்தபோது எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. எடைக்குக் காசு வாங்கும் வீட்டில் பிறந்தவன் நான். ஒரு குலை உதிர்ந்தாலும் அப்பா குனிந்து எடுத்துவிடுவார். முன்னால் இருந்த கொடியில் குலைகளை எண்ணினேன். பதினொன்று. திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான். எங்கள் பந்தலில் ஒரு கொடியை எண்ண உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

பிறகு கட்டடம். கட்டியவர் சிலிக் கட்டடக் கலைஞர் மார்த்தீன் உர்த்தாதோ கோவர்ருபியாஸ். உள்ளே மரம்தான் எங்கும். நீண்ட மண்டபத்தில் வரிசை வரிசையாக 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் பீப்பாய்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒயின் கசிந்து ஊறிய செந்நிறப் பட்டை. ஒயின் இங்கே ஏறக்குறைய ஒன்றரை வருடம் கிடக்கும். உள்ளே நுழைந்ததும் பேச்சு தானாகத் தணிந்துவிட்டது.

புட்டியின் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். "அல்மாவிவா" என்ற பெயர் பிரெஞ்சு நாடகாசிரியர் போமார்ஷேயின் சொந்தக் கையெழுத்து. அவருடைய நாடகத்தில் வரும் பிரபுவின் பெயர் அது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிலிப்பீன் தெ ரோத்ஷீல்ட் அம்மையார் இளமையில் பாரிஸில் நாடக நடிகை. பெயருக்கு மேலே ஒரு வட்டச் சின்னம். அது இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாப்புச்சே மக்களின் சடங்கு மேளம், குல்த்ருன். பூமியும் வானமும் நான்கு திசையும் அந்த மேளத்தோலில் வரையப்பட்டிருக்கும். இங்கே செய்யும் இரண்டாம் நிலை ஒயினுக்கும் மாப்புச்சே மொழியில்தான் பெயர், "எப்பு". இரண்டு என்று பொருள்.

ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினார்கள். ஒயினுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் பழங்களில் பாதி எனக்குத் தெரியாதவை. என் மூக்குக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் நாவல்பழம், நன்றாகக் கனிந்து தரையில் விழுந்து கிடப்பது. அதற்குப் பின்னால் காய்ந்த புகையிலை. கோப்பையை ஆட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தைல மர இலையைக் கசக்கிய மாதிரி ஒரு குளிர்ச்சி. வாயில் துவர்ப்பு இருக்கிறது, ஆனால் முரடு இல்லை. காலையில் மென்ற அந்தத் தோலின் துவர்ப்புதான் இது. விழுங்கிய பிறகும் வெகுநேரம் நின்றது. மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஜன்னல் வழியாகக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கலவையில் மூன்றில் இரண்டு பங்கு போல கேபர்னே சோவிஞோன். ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறும். கொஞ்சம் கேபர்னே ஃப்ரான், ஒரு துளி பெத்தி வெர்தோ. இதுவரை போர்தோவில் செய்வதுதான். அங்கே துணைக்கு மெர்லோ நிற்கும் இடத்தில் இங்கே நிற்பது கார்மெனேர் என்ற ரகம். 2015ஆம் ஆண்டு ஒயினில் அது ஏறத்தாழ கால் பங்கு. அந்த ஆண்டு ஒயினுக்கு விமர்சகர் ஜேம்ஸ் சக்லிங் 100க்கு 100 கொடுத்தார். 1998இலிருந்து போர்தோ வணிகர்களே இதை உலகமெங்கும் விற்கிறார்கள். வேற்று நாட்டு ஒயின் ஒன்று அவர்கள் சந்தையில் நுழைந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த எண்களைவிட கார்மெனேர்தான் மனசில் நின்றது. நாளை மறுநாள் அதைத் தேடித்தான் போகிறேன்.

வெளியே வரும்போது பக்கத்துத் தோட்டத்தையும் காட்டினார்கள். சாட்விக் குடும்பத்தின் தோட்டம். முன்பு அது குதிரைப் போலோ மைதானமாம். 1992இல் புல்லை எடுத்துவிட்டு கேபர்னே நட்டார்கள். 2004 ஜனவரியில் பெர்லினில் பெயரை மறைத்து வைத்து நிபுணர்களுக்கு ஒயின்களைச் சுவைக்கக் கொடுத்தபோது, அந்தத் தோட்டத்தின் 2000ஆம் ஆண்டு ஒயின் முதலிடம் வந்தது. போர்தோவின் பேர்பெற்ற லஃபீத் தோட்டத்து ஒயின் மூன்றாமிடம். ஒரே கல், ஒரே காற்று.

நாள் 3: நகரத்தில்

காலை முழுக்க மழை. கின்தா நோர்மால் பூங்காவுக்கு மட்டும் போய்வந்தேன். இப்போது அருங்காட்சியகமும் குளமும் குழந்தைகளும் உள்ள சாதாரணப் பூங்கா. 19ஆம் நூற்றாண்டில் இது வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்த அரசுப் பண்ணை. பிரெஞ்சுத் திராட்சை ரகங்களையும் இங்கே நட்டுப் பார்த்தார்கள். 1851இல் சில்வெஸ்த்ரே ஒச்சாகவியா என்ற நிலக்கிழார் பெரிய அளவில் போர்தோ கொடிகளை வரவழைத்தார். பிரான்ஸில் பூச்சி விழுந்தது அதற்குப் பிறகு. சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் பூச்சியும் கூடவே கப்பலேறியிருக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன்.

நாள் 4: ஆல்தோ ஹாவெல், தொலைந்துபோன ரகம்

சாந்தியாகோவுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஆல்தோ ஹாவெல் என்ற சிற்றூர். அங்கே கார்மென் என்ற பழைய ஒயின் நிறுவனத்தின் தோட்டம். நேற்றைய மழை நின்று மலை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மேல் முகடுகளில் புதிய பனி.

கார்மெனேர் ஒரு காலத்தில் போர்தோவில் நிறைய இருந்த ரகம். பூச்சி விழுந்த பிறகு எல்லாரும் ஒட்டுச்செடி வைத்துத் திரும்ப நட்டபோது இதை விட்டுவிட்டார்கள். குளிர் மழையில் பூ உதிரும், காய் பிடிக்காது, முதிரவும் நாளாகும். யாருக்கும் பொறுமையில்லை. நூறு ஆண்டுகளில் சொந்த மண்ணில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. சிலியிலோ அது மெர்லோ கொடிகளோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. இங்கத்து விவசாயிகளுக்குக் குழப்பம் இருந்தது. சில மெர்லோ ஏன் இரண்டு மூன்று வாரம் பின்தங்கிப் பழுக்கிறது? ஏன் சில ஆண்டுகளில் குடமிளகாய் வாசம் அடிக்கிறது?

1994 நவம்பர் 24. தென்கோளத்தில் அது திராட்சை பூக்கும் காலம். கொடிகளின் ரகங்களை ஆராயும் பிரெஞ்சு அறிஞர் ஜான்-மிஷேல் புர்சிக்கோ இந்தத் தோட்டத்தில் மெர்லோ வரிசைகளுக்கு நடுவே நடந்தார். ஒரு பூவின் முன் நின்றார். திராட்சைப் பூ எவ்வளவு சின்னது என்று பந்தலுக்குக் கீழே நின்றவர்களுக்குத் தெரியும். கடுகளவு, இதழ் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதில் மகரந்தக் கம்பிகள் நேராக நிற்காமல் முறுக்கிக்கொண்டு இருந்தன. இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார்.

இதைக் கேட்கும்போது எனக்குச் சிலிர்த்தது. நூறு ஆண்டாகத் தோட்டத்துக்காரர்கள், வேலையாட்கள், வியாபாரிகள் என்று எத்தனை ஆயிரம் பேர் அந்தக் கொடியைத் தொட்டிருப்பார்கள். கவாத்து பண்ணியிருப்பார்கள், அறுத்திருப்பார்கள். பூவைக் குனிந்து பார்த்தவர் ஒருவர்.

பெயர் தெரிந்த பிறகுதான் அதற்கு நீதி கிடைத்தது. மெர்லோவோடு சேர்த்து அறுத்தபோது கார்மெனேர் பாதிக் காயாக இருந்திருக்கிறது. குடமிளகாய் வாசம் அதனால்தான். இப்போது வரிசைகளைப் பிரித்து, கடைசியாக, ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அறுக்கிறார்கள். அல்மாவிவாக்காரர்களும் தங்கள் கார்மெனேருக்கு பேயுமோ என்ற, வெயில் கூடிய வேறொரு பள்ளத்தாக்குக்குப் போகிறார்கள். ஒரே கலவைக்குள் போகிற ரகங்களுக்கு ஒரே இடம் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

கார்மெனேர் வரிசையைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. மற்ற கொடிகளின் இலை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இதன் இலை மட்டும் செக்கச் சிவந்திருந்தது. கார்மின் என்றால் சிவப்புச் சாயம். பெயரே இந்த இலையால் வந்தது என்கிறார்கள். ஒரு இலையைப் பறித்து நாட்குறிப்புக்குள் வைத்தேன். அப்புறம் விமான நிலையத்து அம்மையார் நினைவுக்கு வந்தார். எங்கள் பந்தல்களுக்கு வேறொரு நாட்டு இலையை நானே சுமந்துபோவதா? எடுத்துத் தரையிலேயே போட்டுவிட்டேன்.

நாள் 5: அப்பால்தா

விடியற்காலைப் பேருந்து. தெற்கே மூன்று மணி நேரம், கோல்ச்சாகுவா பள்ளத்தாக்கின் சாந்தா குரூஸ் ஊர். அங்கிருந்து பக்கத்தில் அப்பால்தா. குதிரை லாடம் போல மலை வளைந்து நிற்க, நடுவே கொடிகள்.

இங்கே குளோ அப்பால்தா என்ற ஒயினைச் செய்கிறார்கள். கிரான் மார்னியே மதுவகையைச் செய்த பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்த அலெக்ஸாந்திரா மார்னியே லப்போஸ்தோல் 1994இல் இங்கே தொடங்கினார். இவர்களுடைய 2005ஆம் ஆண்டு ஒயினை அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 2008இல் அந்த ஆண்டின் சிறந்த ஒயினாகத் தேர்ந்தெடுத்தது. கார்மெனேரை முன்னிறுத்திச் செய்த ஒயின் அது.

தொழிற்கூடத்தைக் குன்றைக் குடைந்து, பாறைக்குள் பல மாடி கீழே இறக்கியிருக்கிறார்கள். மேல்மாடியில் திராட்சை வரும். பம்பு வைத்து இறைப்பதில்லை. பழமும் சாறும் ஒயினும் தம் எடையாலேயே ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்குகின்றன. அலைக்கழித்தால் விதை நசுங்கிக் கசப்பு இறங்கும். மேல்மாடி மேசையில் பெண்கள் நின்று கையாலேயே பழத்தைக் காம்பிலிருந்து உதிர்க்கிறார்கள். ஒருவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரலால் ஒரு தள்ளு, பழம் மேசையில். சுருங்கினது, காய், நசுங்கினது எல்லாம் இடப்பக்கக் கூடைக்கு. விரல் நுனிகள் கருநீலமாகிவிட்டிருந்தன. எங்கள் அம்மாவுக்கும் வெட்டு நாளில் அப்படித்தான் இருக்கும், தேய்த்துக் கழுவினாலும் இரண்டு நாளைக்குப் போகாது.

சாயங்காலம் பழைய கொடிகளைப் பார்க்க விட்டார்கள். சுமார் நூறு ஆண்டுக்கு முன் நட்டவை. கம்பி, கம்பம் எதுவும் பெரிதாக இல்லாமல் தன்காலிலேயே நிற்கின்றன. அடித்தண்டு என் தொடை அளவு, பட்டை உரிந்து உரிந்து கயிறு திரித்தது மாதிரி. எண்ணினேன். ஒன்றில் ஆறு குலை. அடுத்ததில் எட்டு.

இரவு ஒன்பது மணிக்கு, அதாவது ஊரில் காலை ஆறரைக்கு, அப்பாவைக் கூப்பிட்டேன். தோட்டத்தில் இருந்தார், மோட்டார் சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டிப் போடுவதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை.

"கொடிக்கு எத்தனை குலைப்பா விடுறாய்ங்க?"

"முதல்ல ஒரு தோட்டத்துக் கதை சொன்னேன்ல, அங்க பதினொன்னு. இங்க ஆறு, எட்டு."

"அந்தக் கொடிக்கு என்ன வயசு?"

"நூறு இருக்கும்ப்பா."

மோட்டாரை நிறுத்தினார் போல. சத்தம் அடங்கிவிட்டது.

"ஒட்டா, சொந்த வேரா?"

"சொந்த வேருதான்."

"அடித்தண்டு தெரியுற மாதிரி ஒரு படம் அனுப்பு."

போனை எடுத்துத் தேடினேன். நூற்றுக்கு மேல் படங்கள். இலை, குலை, மலை, பீப்பாய், பெண்களின் விரல்கள். அடித்தண்டு முழுசாக, தரையிலிருந்து தெரியும் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் வெளிச்சம் போதாதது. அனுப்பிவிட்டேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது.